ஒரே கையெழுத்தில் இரண்டு விண்ணப்பங்கள்

விண்ணப்பம் என்று எதைக் கொடுத்தாலும், வாங்கிக்கொண்டதற்கு ஓர் அத்தாட்சி பெறாமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. முப்பது வருடம் ஓர் உப தபாலகத்தின் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கற்றதை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். என் வயதுக்காரர்களான உங்களுக்கும் இது புதிதல்ல. கிராம சேவகரிடம் கொடுத்த கடிதம், பிரதேச செயலகத்தில் கொடுத்த படிவம் என்று எத்தனையோ காகிதங்களைக் கொடுத்து வந்தவர்கள் நாம். திகதி முத்திரை விழாதவை எங்கே போயின என்று கேட்டால், மேசைக்குப் பின்னால் இருப்பவர் கூரையைப் பார்ப்பார்.

போன ஞாயிறு எங்கள் சபைக்கு வந்திருக்கும் புதிய போதகர், ஜெப விண்ணப்பங்களை இனிக் கைத்தொலைபேசியிலேயே அனுப்பலாம் என்று அறிவித்தார். நம்பிக்கையோடு அனுப்ப வேண்டுமாம், பதில் நிச்சயமாம். என் வயதுப் பெண்கள் எல்லாரும் அங்கேயே பையைத் திறந்து கண்ணாடியைத் தேடினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஒன்னும் அனுப்பலையா?" என்று பக்கத்திலிருந்த என் சம்பந்தியம்மா கேட்டார்.

"நான் சின்ன வயசுலயே நிறைய எழுதிட்டேங்க" என்றேன்.

அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அது வேடிக்கை இல்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெஹியோவிட்டையிலிருந்து மேலே ஏறினால் வரும் ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தேன். இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டுப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு, தோட்டத்துத் தமிழர்களான எங்களைத் தலையை எண்ணிப் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே. எந்தப் பங்கில் சேர விருப்பம் என்று ஒவ்வொரு குடும்பமும் மனுப் போட வேண்டும். குடும்பத் தலைவர் கைநாட்டு வைத்தால் குடும்பமே விருப்பப்பட்டதாகக் கொள்ளப்படும். அப்பா இந்தியாவுக்கு என்று கைநாட்டு வைத்தார். அவருடைய அண்ணன் முன்பே போயிருந்தார். காணி கொடுக்கிறார்கள், வீடு கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வராததைப் பற்றி அப்பா யோசித்ததாகத் தெரியவில்லை. கண்டியில் நேர்முகத்துக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் வரும், அதை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போக வேண்டும், பிறகு கப்பல். அந்தக் கடிதத்தைத்தான் தோட்டத்தில் எல்லாரும் 'கடுதாசி' என்றார்கள். வேறு கடுதாசியே உலகத்தில் இல்லாதது போல.

அம்மாவுக்குப் போக விருப்பமில்லை. எனக்குப் பிறகு பிறந்த தம்பி எட்டு மாதத்தில் இறந்து, ஆற்றுப் பக்கத்து இடுகாட்டில் கிடந்தான். அங்கே அம்மா ஒரு செவ்வரளி வைத்திருந்தாள். "அவன யாருகிட்ட விட்டுட்டுப் போறது?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அப்பா ரப்பர் பால் வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தை மாற்றிக்கொண்டாள்.

எங்கள் ஜெபக்கூடம் ஒரு காலத்தில் ரப்பர் சீட்டுக்குப் புகை போட்ட கட்டடம். புதிய புகைக்கூடு கட்டியபின் துரை அதைக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கொடுத்தார். சுவரெல்லாம் கறுப்பு. வெள்ளையடித்தால் இரண்டு மாதத்தில் உள்ளேயிருந்து தேன் நிறத்தில் கசிந்து வரும். வெளுத்துக் கட்டிய சேலையோடு போய், பன்றி வாட்டிய இடத்திலிருந்து வந்தவர்கள் போல மணத்துக்கொண்டு திரும்புவோம். ஞாயிறு அன்று தோட்டத்தில் எதிரே வருபவர் கிறிஸ்தவரா இல்லையா என்பதை மோந்தே சொல்லிவிடலாம்.

அந்தக் கூடத்தின் வாசலில் ஒரு பிஸ்கட் தகரம் தொங்கும். மூடியில் கத்தியால் கிழித்த ஒரு வாய். வேண்டுதல் உள்ளவர்கள் அதைத் துண்டில் எழுதிப் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. 'ஒரு சகோதரன்', 'ஒரு சகோதரி' என்றுதான் இருக்க வேண்டும். ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் தகரத்தைத் திறந்து, ஒவ்வொரு துண்டாகக் கையை நீட்டிப் பிடித்து வாசிப்பார். சபை ஆமென் சொல்லும். இதுதான் நடைமுறை. இதில் ஒரே ஒரு குறை. சபையில் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் உபதேசியார். தங்கள் சங்கடத்தை அவரிடமே சொல்லி எழுத யாருக்கும் மனம் வராது. இன்னொருத்தி நான்.

ஆகவே சனிக்கிழமை பிற்பகல்களில் நான் தோட்டத்தின் மனு எழுத்தாளர். வாத்தியார் மெச்சிய கையெழுத்து. ஒரே கூரைக்குக் கீழ் அறை அறையாகத் தடுத்த எங்கள் லயத்தில், பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தை சைவம், அவரும் வருவார்.

"எழுதுடி ராசாத்தி, மகனுக்கு வலிப்பு வராம இருக்கணும்னு."

"நீங்க மாரியம்மன் கோயிலுக்குத்தானே போவீங்க அத்தை?"

"அங்கயும் சொல்லித்தான் வச்சிருக்கேன். ரெண்டு பேருல யாரு முன்னாடி வர்றாங்களோ வரட்டும். ஒங்க சாமி என்ன, கோவிச்சுக்குமா?"

ஒரே மனுவை இரண்டு அலுவலகங்களில் போடும் தந்திரத்தை நான் முதலில் அவரிடம்தான் கண்டேன். பிற்காலத்தில் படித்தவர்கள் செய்வதையும் பார்த்திருக்கிறேன். அத்தை அளவுக்கு வெளிப்படையாக யாரும் செய்யவில்லை.

அப்பா பீடி வாங்கப் போன நேரம் பார்த்து அம்மா என் பக்கத்தில் குந்தினாள்.

"எழுது பாப்பா. ஒரு சகோதரி, அவ வீட்டுக்காரரு பேருக்கு வரவேண்டிய கடுதாசி வராம இருக்கும்படியா. அப்பாகிட்ட சொல்லிறாத."

"ஏம்மா?"

"கர்த்தருக்கு எழுதறதுல ஒனக்கு என்ன ஏன், எதுக்கு? எழுது."

அம்மா தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனதும் அப்பா வந்து உட்கார்ந்தார்.

"ஒரு சகோதரன், இந்தியாவுக்குப் போற கடுதாசி சீக்கிரமா வரும்படியா. போட்டியா? சீக்கிரமாங்கறதுக்குக் கீழ ஒரு கோடு போடு."

கோடு போட்டேன். மறுநாள் உபதேசியார் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தார். வருவதற்கு ஓர் ஆமென். வராமல் இருப்பதற்கு ஓர் ஆமென். இரண்டும் ஒரே பலத்தோடு கூரைத் தகரத்தில் போய் முட்டின. பெண்கள் பக்கத்தில் அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள். ஆண்கள் பக்கத்தில் அப்பா தலையை நிமிர்த்தியிருந்தார். இரண்டு துண்டும் ஒரே கையெழுத்து என்பதைக் கண்ணால் பார்த்த ஆட்கள் அந்தக் கூடத்தில் இரண்டே பேர். உபதேசியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு மூன்றாவது துண்டை எடுத்தார்.

அவர் தோட்டத்து ஆள்தான். ஞாயிறு மட்டும் உபதேசியார். மற்ற நாள்களில் தோட்டத்துத் தப்பால்காரர்: காலையில் பூட்டுப் போட்ட பையோடு டவுன் தபாலகத்துக்கு நடந்து போய், மத்தியானத்துக்குப் பின் கடிதங்களோடு வருவார். எங்கள் விண்ணப்பங்கள் மேலே போவதும் அவர் கையால், எங்களுக்கு வரும் கடிதங்கள் கீழே வருவதும் அவர் கையால் என்பதை அந்தப் பருவத்தில்தான் நான் கவனித்தேன். கவனித்த பிறகு எனக்கு நிம்மதியில்லை.

ஞாயிறு பள்ளியில் அவரிடமே கேட்டேன். "ஐயா, ஒருத்தரு மழ வேணும்னும் ஒருத்தரு மழ வேணாம்னும் கேட்டா கர்த்தரு யாருக்குக் குடுப்பாரு?"

மழை என்று மாற்றிச் சொன்னதில் எனக்குப் பெருமை. மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை. ஆகவே அது நியாயமான கேள்விதான்.

"ரெண்டு பேரு சொல்றதும் கேக்கும் பாப்பா," என்றார். "கேக்கறாருங்கறதுதான் நம்ம தைரியம். என்ன செய்வாருங்கறது அவரு பாடு."

'உங்கள் கோப்பு பரிசீலனையில் உள்ளது' என்பதைப் பிற்காலத்தில் எத்தனையோ அதிகாரிகள் வாயால் கேட்டிருக்கிறேன். முதலில் கேட்டது அன்றுதான் என்று வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சோதித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயாவின் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். 'ஒரு சிறு சகோதரிக்கு இரண்டு நிறப் பென்சில் கிடைக்கும்படியாக' என்று எழுதித் தகரத்தில் போட்டேன். அந்த ஞாயிறு நேரமாகிவிட்டதென்று வாசிக்காமல் விட்ட துண்டுகளில் அதுவும் ஒன்று. அடுத்த வியாழன் உபதேசியார் தப்பால் பையோடு எங்கள் லயத்துப் பக்கம் வந்து நின்றார்.

"இந்தா பாப்பா. கர்த்தர் குடுத்தாரு."

பாதி தேய்ந்த சிவப்பு நீலப் பென்சில். வேறு பிள்ளையாக இருந்தால் துள்ளியிருக்கும். நான் அதைக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நடுவில் வரிசையாகப் பல்லடையாளம். உபதேசியாருக்கு ஞாயிறு பாடத்தின்போது பென்சிலைக் கடிக்கும் பழக்கம் உண்டு. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அடையாளத்திலும் ஓர் இடம் விட்டிருந்தது.

அவர் தன்னிடமிருந்த ஒன்றை ஒரு பிள்ளைக்குக் கொடுத்தார் என்பது எனக்குத் தோன்றவில்லை. தகரத்தில் போடுபவை மேலே போகவில்லை, இவரோடு நின்றுவிடுகின்றன. எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று தீர்மானிப்பவர் இவர். இப்படித்தான் எனக்குப் பட்டது. பத்து வயதில் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டால் அதற்கு மேன்முறையீடு கிடையாது.

ஆனி மழை பிடித்தது. தோட்டம் முழுக்கப் புளித்த பால் வாடை, அட்டை, காயாத துணி. மழையோடு கடுதாசிகளும் வரத் தொடங்கின. பக்கத்துக் காம்பரா அத்தை வீட்டுக்கு வந்தது. மேல் லயத்தில் இரண்டு வீட்டுக்கு வந்தது. பயணத்துக்கான தகரப் பெட்டிகளில் வெள்ளைச் சாயத்தால் பெயரும் ஊரும் எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி நின்றது. அதில் எழுத்து இல்லை. பலாக்காய் விற்க வரும் சிங்கள அம்மா அந்தப் பெட்டியைக் கண்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "யன்ன எபா நங்கி, யன்ன எபா" என்றாள். போகாதே தங்கச்சி என்று சொல்ல எங்கள் அம்மாவுக்கு வாய்த்தது அவள் ஒருத்திதான்.

"ஒரே நாள்ல மனு போட்டோம்," என்றார் அத்தை. "எங்களுக்கு வந்து பன்னெண்டு நாளாச்சு. ஒங்களுக்கு எங்க போச்சு? இந்த உபதேசியாரு பையில அடியில ஏதும் ஒட்டிக்கிட்டு இருக்குதான்னு பாக்கச் சொல்லு."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை மழையால் வேலை இல்லை. அப்பா டவுனுக்குப் போய்வந்தார். தூரத்தில் பின்னாலேயே உபதேசியார் தப்பால் பையோடு வந்துகொண்டிருந்தார். அது தினமும் நடப்பது. அப்பா கையில் பேக்கரியில் வாங்கிய ஒரு ரோஸ் பாண் ரொட்டி இருந்தது. பண்டிகை இல்லாத நாளில் அப்பா பாண் வாங்கி வந்து நான் பார்த்ததில்லை. அதைப் பிய்த்துத் தந்தபோது அவருடைய இடது கட்டைவிரலைப் பார்த்தேன். ஊதா நிறம். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்திலும் துடைத்த ஊதாக் கறை.

"வெரல்ல என்னப்பா? சம்பள நாள் இல்லையே?"

"சங்கத்துக்கு ஒப்பம் வச்சேன். தின்னு."

அம்மா சாரத்தை வாங்கி ஊற வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை ஜெபத்தில் அப்பா வழக்கத்தைவிட உரக்க, கடுதாசி வர வேண்டும் என்று மன்றாடினார். தோட்டத்து முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

இன்னும் இரண்டு வாரம் போனது. எங்களுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை யாரும் சொல்லாமல் நானாக ஒரு துண்டு எழுதினேன். பென்சிலின் சிவப்பு முனையால் எழுதினேன். 'ஒரு குடும்பத்துக்கு வந்த கடுதாசியை எடுத்து வைத்திருப்பவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்படியாக.'

மறுநாள் உபதேசியார் நாலைந்து துண்டுகளுக்குப் பிறகு அதை எடுத்தார். அவர் முன்கூட்டிப் படித்துப் பார்ப்பவர் அல்லர். எடுத்த வேகத்தில் உரக்க வாசிப்பார். கடைசிச் சொல் வரை வாசித்துவிட்டார். சபை பழக்கத்தில் ஆமென் என்றது. சொன்ன பிறகுதான் சொன்னது எதற்கு என்று அவர்களுக்கு உறைத்தது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஆண்கள் பக்கத்திலிருந்து, மற்றவர்கள் எல்லாரும் ஓய்ந்த பிறகு, தனியாக ஓர் ஆமென் வந்தது. அது அப்பா.

உபதேசியார் அந்தத் துண்டைத் திருப்பித் தகரத்தில் போடவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சிவப்பு எழுத்தை அவருக்குத் தெரியாமலிருக்காது.

"ஜெபிப்போம்," என்றார். நாங்கள் முழங்காலில் நின்றோம். அவருடைய ஜெபங்கள் நீளமானவை, குழந்தைகள் தூங்கிவிடும். அன்று ஒரே வரி. "ஆண்டவரே, அத எடுத்து வச்சிருக்கிறவனுக்கு நீர் பெலன் தாரும்."

இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் வேறு வேண்டுமா? எனக்கு வேண்டியிருக்கவில்லை. சபைக்கும் வேண்டியிருக்கவில்லை. வாசலை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

"அவன் வாயாலயே சொல்லிட்டான் பாத்தியா?"

"எங்க அக்கா போட்ட கடுதாசியும் இப்பிடித்தான் வரல."

"பிள்ள எழுதுனாலும் கர்த்தர்தான் எழுத வச்சிருக்காரு."

அந்தக் கடுதாசிகளில் சில பதிவுத் தபாலிலும் வரும். டவுன் தபாலகத்துக்குப் போய்ப் பதிவுப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தீர்ந்திருக்கும். ஒருவரும் போகவில்லை. அங்கே சிங்களத்தில் கேட்க வேண்டும் என்பதல்ல காரணம். எங்களில் பாதிப் பேர் சிங்களம் பேசுவார்கள். சந்தேகம் அவ்வளவு வசதியாக அமைந்துவிட்ட பிறகு அதை விசாரித்துக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

அதன்பின் தகரத்தில் துண்டு விழவில்லை. ஜனங்கள் அவர் கையால் கடிதம் வாங்க யோசித்தார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கே நடந்தார்கள். ஒரு மாதத்தில் அவர் பெரிய கிளாக்கரிடம் போய்த் தப்பால் பையை ஒப்படைத்துவிட்டுப் பால் வெட்டப் போனார். ஞாயிறு பாடம் நின்றது. யாரிடமும் அவர் தன் பக்கத்தைச் சொல்லவில்லை. அதுவும் குற்றத்துக்கு அடையாளம் என்று எண்ணினோம். ஐப்பசியில் அவருக்கே கடுதாசி வந்து, குடும்பத்தோடு லொறியில் ஏறினார். அவர் பெட்டியில் எழுத என்னைக் கூப்பிடவில்லை. தானே எழுதியிருந்தார்.

லொறி புறப்படுமுன் இறங்கி வந்து என் முன்னால் நின்றார்.

"பென்சில் இருக்கா பாப்பா?"

"தொலஞ்சு போச்சு," என்றேன். பீலித் தண்ணீர் ஓடும் கானில் எறிந்து பல நாள்.

"பரவால்ல. எழுதறத விட்டுறாத."

அப்பா லயத்துக்குள்ளேயே இருந்தார். தலைவலி என்றார்.

அடுத்த தை மாதம் நன்றி ஆராதனையில், டவுனிலிருந்து மாதம் ஒரு முறை வரும் புதிய ஊழியருக்கு முன்னால், அம்மா எழுந்து நின்று சாட்சி சொன்னாள். அதற்குள் நேர்முகத்துக்கான கெடு கடந்து எங்கள் கோப்பு மூடப்பட்டிருந்தது. "நான் ஒன்னு கேட்டேன். நெசமா நம்பிக் கேட்டேன். குடுத்தாரு," என்றாள். என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை. சபை துதித்தது. அப்பாவும் துதித்தார். அந்தச் சாட்சியின் விலையாகப் பதினைந்து வருடத்துக்கு மேல் நாங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்தோம். நான் பரீட்சைகளில் தேறியும் விண்ணப்பத்தில் 'பிரஜை' என்ற கூட்டில் எழுத ஒன்றுமில்லாமல் இருந்தேன். பிறகு சட்டம் மாறி, ஒரு சத்தியக் கடதாசியில் ஒரே நாளில் இலங்கையர் ஆனோம். நான் தபாலகத்துக்கு வந்தது அதற்குப் பின்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் இருக்கும். பதிவுத் தபால் வாங்க எழுதத் தெரியாத கிழவர் ஒருவர் வந்தார். நடைமுறை உங்களுக்குத் தெரியும்: பெறுநர் நேரில் வர வேண்டும், கையெழுத்து இல்லாதவர் ஊதா மைத்தட்டில் இடது கட்டைவிரலைப் பதித்துக் கைநாட்டு வைக்க வேண்டும், அவரை அறிந்த, எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் கையொப்பமிட வேண்டும். கிழவர் விரலை ஒற்றினார். கடிதத்தை வாங்கினார். விரலைச் சாரத்தின் ஓரத்தில் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று கவுண்டரை நேரத்துக்கு முன்பே மூடினேன். என் சேவையில் நான் செய்த ஒரே விதிமீறல் அது.

அப்பா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பால்வெட்டுக் கத்தியை அவர் விடவில்லை. அம்மா பீலிக்குப் போயிருந்தாள்.

"அந்தக் கடுதாசி வந்துச்சுங்களாப்பா?"

"எந்தக் கடுதாசி?"

"வெரல்ல மையோட பாண் வாங்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கு."

கத்தி நின்றது. அப்பா மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். வரிசையாகக் கேள்விகள் தயாராக வைத்திருந்தேன்.

"வந்துச்சு," என்றார். "உபதேசியாருதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாரு."

"எங்க அது?"

"ஸ்டோருப் புகை அடுப்புல போட்டுட்டேன்."

"போகணும் போகணும்னு நீங்கதானே கத்துனீங்க?"

"லயத்துச் செவரு மெல்லிசு பாப்பா. உங்கம்மா இந்தப் பக்கம் நின்னு கர்த்தருகிட்ட கேக்கறது எனக்கு அந்தப் பக்கம் கேக்கும். கர்த்தருக்கு எட்டுச்சோ என்னமோ, எனக்கு எட்டிருச்சு. கடுதாசிய கையில வாங்குனதும் மொதல்ல அவ கொரல்தான் காதுல வந்துச்சு."

"அப்ப அதுக்கப்புறமும் ஏன் விடாம ஜெபம் பண்ணீங்க?"

"நிறுத்துனா அவளுக்குத் தெரிஞ்சிரும்ல." கத்தியின் முனையை விரலால் பார்த்தார். "கர்த்தர் குடுத்தாருன்னே இருக்கட்டும். நான் குடுத்தேன்னு ஆனா, கோவம் வர்றப்பல்லாம் அத நான் சொல்லிக் காட்டுவேன். என்னய எனக்குத் தெரியும்."

விசாரணையை முடிக்க வேண்டுமல்லவா?

"உபதேசியாரு பேரு கெட்டுச்சே? உங்களுக்காகத்தானே அவரு வாயத் தொறக்கல?"

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். நீ அப்பிடி எழுதுவேன்னு நான் கண்டேனா? அவரு வாசிச்சப்போ எந்திரிச்சு நிக்கணும்னு நெனச்சேன். ஆமென்னு மட்டுந்தான் வந்துச்சு." பிறகு, "அம்மாகிட்ட சொல்லிறாத," என்றார்.

பெலன் தாரும் என்று உபதேசியார் கேட்டது யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது ஒப்புதல் வாக்குமூலம் அல்ல. என் அப்பா எழுந்து நிற்பதற்காகச் செய்த ஜெபம். அது கேட்கப்படவில்லை. அல்லது, கேட்கப்பட்டது, அப்பா எழவில்லை.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அப்பா காலமான பிறகு ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "அந்த வருசம் உங்கப்பா என்னமா கத்தி ஜெபம் பண்ணாரு. கண்ண மட்டும் மூடவே மாட்டாரு. என்னயே பாத்துக்கிட்டு இருப்பாரு."

"ஒனக்கெப்படித் தெரியும்? நீ கண்ண மூடலையாம்மா?"

அவள் சிரித்துவிட்டு முறத்தைத் தட்டினாள். ஊதாக் கறை படிந்த அந்தச் சாரத்தைத் துவைத்தவள் அவள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. எல்லாரையும் சந்தேகித்த நான் அவளைச் சந்தேகிக்க மட்டும் மறந்திருந்தேன்.

உபதேசியாரின் முகவரியைக் கண்டுபிடிக்க ஆறு வருடம் ஆனது. இந்தியா போனவர்களுக்கு எழுதி, அவர்கள் வேறு யாருக்கோ எழுதி, கடைசியில் நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து முகவரி கிடைத்தது. நான்கு பக்கம் எழுதினேன். துண்டு எழுதியது நான்தான், பென்சில் தொலையவில்லை, அப்பா சொன்னது, எல்லாம். பெயர் போட்டு எழுதினேன். பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான அட்டையும் இணைத்து, என் கையாலேயே முத்திரை குத்தி அனுப்பினேன்.

ஏழு வாரத்தில் அந்த இளஞ்சிவப்பு அட்டை திரும்பி வந்தது. பெறுநர் என்ற இடத்தில் நடுங்கிய ஒரு கையெழுத்து. அது அவருடையதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. மகன் போட்டிருக்கலாம், மருமகள் போட்டிருக்கலாம். வீட்டிலுள்ள யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகும் தபால்காரர்களை எனக்குத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். முதல் எழுத்தின் சுழி, அவர் கரும்பலகையில் போடுவது போல இருக்கிறது. சில நாள் அப்படித் தெரிகிறது. சில நாள் தெரிவதில்லை.

பதில் வரவில்லை. இன்று வரை வரவில்லை. அவர் உயிரோடிருந்தால் நூறைத் தொட்டிருப்பார்.

கேட்கிறார் என்பதுதான் நம்முடைய தைரியம், என்ன செய்வார் என்பது அவர் பாடு என்று அந்த மனிதர் சொன்னதை அதிகாரி பேச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தவள் நான். சம்பந்தியம்மாவின் கைத்தொலைபேசியில் பதில் நிச்சயம் என்ற செய்தி இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் சந்தேகம் தீரவில்லை. அட்டையை மட்டும் வேதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். சந்தேகம் அதிகமாகும்போது எடுத்து, கையெழுத்தை விட்டுவிட்டு, திகதி முத்திரையைப் பார்க்கிறேன். தெளிவாக விழுந்திருக்கிறது.